200 பந்தும் முதல் பந்தும்

கேள்வி

மிஸ், நான் தரம் 10இல் படிக்கிறேன். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வீடு. பாடசாலை வலைப்பந்தாட்ட (நெட்போல்) அணியில் இரண்டு வருடமாக கோல் ஷூட்டர், அதாவது வளையத்துக்குள் பந்து போடுகிற ஆள். கடந்த மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்ட பிறகு நின்று 200 பந்து போடுகிறேன். அதில் 160 அளவில் உள்ளே விழும். மெட்ச் என்று வந்தால் பாதிதான். போன கிழமை 12 பந்தில் 6. அதற்கு முந்திய மூன்று மெட்ச்சிலும் அப்படித்தான். என் உயரம் 5 அடி 3 அங்குலம். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரமான அக்கா ஒருவர் அணிக்கு வந்திருக்கிறா. இனி அவவைத்தான் ஷூட்டராகப் போடுவார்கள் என்று கதை. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை என்பதால் அம்மாவும் பிரக்டிஸைக் குறைக்கச் சொல்கிறா. இன்னும் எத்தனை பந்து கூட்டினால் எனக்குச் சரிவரும்?

– வெள்ளவத்தை வாசகி

பதில்

தங்கச்சி, கூட்டவே வேண்டாம். 200ஐ 80 ஆகக் குறையுங்கள். அம்மா கேட்பதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் நான் அம்மாவுக்காகச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை ஊகித்துக்கொள்கிறேன். வளையம் மாட்டிய கம்பத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, தினமும் அதே இடத்தில் நின்று, தோழி ஒருத்தி பந்தை எடுத்து எடுத்துத் தர, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறீர்கள். சரிதானே? கொழும்பில் நான் பயிற்சி கொடுக்கப் போகிற பாடசாலைகளில் பெரும்பாலான ஷூட்டர்மார் செய்வது இதைத்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

அப்படிப் போடும்போது என்ன நடக்கிறது என்று நாளைக்குக் கவனியுங்கள். முதல் பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். இன்னும் கொஞ்சம் கூட வேண்டும் என்று கை தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டாவது வளையத்தைச் சுற்றி வந்து வெளியே போகும். மூன்றாவது உள்ளே. பிறகென்ன, வரிசையாகப் பத்துப் பதினைந்து விழும். அந்த 160இல் பெரும்பகுதி, முந்தின பந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விடை.

மெட்ச்சில் அந்த வசதி கிடையாது. ஒரு பந்து போடுவீர்கள். அது விழுந்தாலும் விழாவிட்டாலும் பெரும்பாலும் ஆட்டம் நடுப் பகுதிக்குப் போகும், மறுமுனைக்குப் போகும், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து மூச்சு வாங்க வாங்க வேறொரு இடத்தில் வைத்து உங்கள் கைக்கு அடுத்த பந்து வரும். அதற்குள் முந்தின பந்தின் பாடம் கையை விட்டுப் போயிருக்கும். மெட்ச்சில் போடுகிற ஒவ்வொரு பந்தும் முதல் பந்துதான். மூன்று மாதத்தில் பாடசாலை நாள் 60 என்று வைத்தால், நீங்கள் 12,000 பந்து போட்டிருக்கிறீர்கள். அதில் முதல் பந்து எத்தனை? நாளுக்கு ஒன்று வீதம் 60. மிச்சம் 11,940ம் வேறொரு விளையாட்டுக்கான பயிற்சி.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஒரே ஒரு பந்து போடுங்கள். விழுந்ததா இல்லையா என்று கொப்பியில் குறியுங்கள். நடுப் பகுதியின் கோடு வரை ஓடித் திரும்பி வந்து, வேறொரு இடத்தில் நின்று அடுத்ததைப் போடுங்கள். இப்படிப் பத்து. எண்ணிக்கை 5 அல்லது 6 என்றுதான் வரும் என்பது என் ஊகம். மெட்ச்சில் ஏதோ பயத்தில் கை நடுங்குகிறது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் பயம் இருக்கலாம், ஆனால் யாரும் பார்க்காத மைதானத்திலும் அதே 6 வந்தால் பயத்தின் மேல் பழி போட முடியாது.

1978இல் கேர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சின்னப் பை ஒன்றைக் கொடுத்து இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடித் தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. மற்றக் குழு 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் எறிந்து பழகியது, 3 அடியில் ஒரு தடவைகூட எறியவில்லை. கடைசியில் எல்லோருக்கும் 3 அடியில்தான் சோதனை. வென்றது இரண்டாவது குழு. சின்னப் பிள்ளைகள், சின்னப் பை. வலைப்பந்தாட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் இடம் மாற்றி மாற்றிப் போட்டவர்கள் பிரக்டிஸில் குறைவாகப் போட்டு மெட்ச்சில் கூடப் போட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பழகினால் முதல் இரண்டு கிழமை உங்கள் எண்ணிக்கை விழும். தோழிமார் 'என்ன, ஃபோம் போயிட்டுதா' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி அந்த 80 பந்து. முதல் 20 கம்பத்துக்குக் கிட்ட நின்று, கையின் வடிவத்துக்காக மட்டும். இங்கே ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் போடுவதில் தப்பில்லை. அடுத்த 30ஐ அரைவட்டத்துக்குள் இடம் மாறி மாறிப் போடுங்கள், ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு பந்து கூடாது. வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர். விளிம்பில் நின்று வீரம் காட்டத் தேவையில்லை, மூன்றரை மீற்றர் வரை போதும். தோழி பக்கத்தில் நின்று பந்தைக் கையில் வைத்துவிடக் கூடாது. வட்டத்துக்கு வெளியே நின்று எறிய வேண்டும், நீங்கள் ஓடி வந்து பிடித்து, கால் ஊன்றி, சமநிலை எடுத்துப் போட வேண்டும். கடைசி 30ம் மேலே சொன்ன முதல் பந்துகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டத்தோடு. எல்லாம் சேர்த்து 40 நிமிடம் வரும். கிழமைக்கு நாலு நாள் போதும். மிச்ச நாளில் தோளுக்கு ஓய்வு, உங்களுக்குக் கணக்குப் பாடம்.

கொப்பியில் அந்தக் கடைசி 30ஐ மட்டும் எழுதுங்கள். விழாத பந்து எந்தப் பக்கம் போனது என்பதையும் எழுதுங்கள்: முன்னா, பின்னா, இடமா, வலமா. இரண்டு கிழமையில் ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடியிருக்கும். அதுதான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் 'ஏன் விழவில்லை' என்று கேட்டால் 'தெரியாது மிஸ், லக் இல்லை' என்பார்கள். கொப்பியைப் புரட்டினால் பத்தில் ஏழு முன்விளிம்பு.

முன்விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்கிறது, வளையமும் 450 மில்லிமீற்றர் அகலம். நமக்குப் பலகை இல்லை, வளையம் 380 மில்லிமீற்றர்தான். பந்தின் சுற்றளவு 690 முதல் 710 வரை, அதாவது விட்டம் ஏறக்குறைய 222. இப்போது வீட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து நேர் மேலிருந்து பாருங்கள், முழு வட்டம். சாய்த்துப் பிடியுங்கள், வட்டம் ஒடுங்கி மீன் வடிவமாகிறது. உங்கள் பந்தும் வளையத்தை அப்படித்தான் பார்க்கிறது. நேர் மேலிருந்து விழுகிற பந்துக்கு 380 முழுவதும் திறந்திருக்கும். 60 பாகையில் இறங்கினால் 329, 45 பாகையில் இறங்கினால் 269. ஏறக்குறைய 36 பாகைக்குக் கீழே போனால் திறப்பு பந்தின் அளவுக்கே வந்துவிடும், விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. 45இல் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 47 மில்லிமீற்றர், 60இல் 107. பதினைந்து பாகை கூட்டினால் பிழை விடுவதற்கான இடம் இரண்டு மடங்குக்கும் மேல்!

பாகைமானியோடு மைதானத்துக்குப் போகச் சொல்லவில்லை. பந்து தன் உச்சியில் வளையத்துக்கு மேலே ஒரு கை நீளம் உயரட்டும். இரண்டரை மீற்றர் தூரத்திலிருந்து போடும்போது அதுவே 60ஐ ஒட்டி வந்துவிடும். அதைவிட மேலே போனால் பலம் வீணாகும், திசையும் தவறும். களைத்த கை எப்போதும் தட்டையாகத்தான் எறியும். 200 பந்தின் கடைசி நூறில் நீங்கள் பழகிக்கொண்டிருப்பது அந்தத் தட்டைப் பந்தை. பலம் தோளிலிருந்து வரக் கூடாது, முழங்காலிலிருந்து வர வேண்டும். தூரம் கூடக் கூட முழங்காலைக் கூட மடியுங்கள், கையின் வேலை மாறக் கூடாது.

குட்டையாக விழுகிற பந்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. வளையத்திலோ கம்பத்திலோ பட்டுத் திரும்பினால் நீங்களே பாய்ந்து பிடித்துத் திரும்பப் போடலாம். எதிலும் படாமல் கீழே வந்தால், வேறு யாரும் தொடாதவரை அதை நீங்கள் பிடிக்க முடியாது, விதி விடாது. ஆகவே தப்பினாலும் நீளமாகத் தப்பட்டும். பார்வையைப் பின்விளிம்புக்குச் சற்று மேலே வையுங்கள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. நான் படித்த பாடசாலையில் ஒரே ஒரு கம்பம். அடித்தட்டு வளைந்து, வளையம் முன்பக்கமாகச் சரிந்து நாலு விரல் தாழ்ந்திருந்தது. இரண்டு வருடம் அதில்தான் போட்டேன், 'கை ராசிக்காரி' என்று பெயரும் எடுத்தேன். பிறகு சுகததாச உள்ளக அரங்கில் ஒரு போட்டி. முதல் கால் பகுதியில் நான் போட்ட அத்தனையும் முன்விளிம்பு. பதற்றம் என்றார்கள், திருஷ்டி என்றார்கள், அம்மம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டா. திரும்பி வந்து விளையாட்டு மிஸ்ஸிடம் சொல்லி அளந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு அளவு நாடா கொண்டுபோய் உங்கள் பாடசாலைக் கம்பத்தை அளவுங்கள். பந்தையும் பாருங்கள். மெட்ச் பந்து 400 முதல் 450 கிராம், மேலே சொரசொரப்பாக இருக்கும். பிரக்டிஸுக்குத் தருவது பெரும்பாலும் தேய்ந்து வழுக்குகிற பழைய பந்து. கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த கையோடு அதைப் போட்டுப் பழகினால் விரல்கள் தானாக இறுகிவிடும். இடுப்பில் ஒரு சின்னத் துவாய் செருகிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கையைத் துடையுங்கள்.

கையின் வடிவத்தைக் கடிதத்தில் திருத்துவது கஷ்டம். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதிகம் கெடுப்பது இடக்கைதான் (நீங்கள் வலக்கைக்காரி என்று வைத்துக்கொள்கிறேன்). பந்து தலைக்கு மேலே, வலக்கை விரல்களின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளங்கையில் அமுங்கக் கூடாது. இடக்கை பக்கத்தில் தாங்கிக்கொண்டு மட்டும் நிற்கும். விடுகிற நேரத்தில் இடக்கைப் பெருவிரல் சும்மா இராமல் ஒரு தள்ளுத் தள்ளும். அதனால்தான் சில நாளில் எல்லாப் பந்தும் வலப்பக்கம் போகும். பந்தின் நடுவே மார்க்கர் பேனையால் ஒரு கோடு சுற்றிப் போடுங்கள். கோடு நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் கை சரி. தள்ளாடிச் சுழன்றால் பெருவிரல் வேலை செய்கிறது. கம்பத்துக்குக் கிட்ட நின்று வலக்கையால் மட்டும் பத்துப் பந்து போட்டால் அது அடங்கும்.

மழை நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒக்ரோபர், நவம்பரில் பாடசாலை விடுகிற நேரம் பார்த்து இடி மழை வரும், தார்த் தளம் வழுக்கும். அன்றைக்கு மைதானத்தில் நின்று கணுக்காலை முறிக்க வேண்டாம். வீட்டில் தரையில் மல்லாக்கப் படுத்து, நெற்றிக்கு மேலே பந்தை வைத்து, அதே கை வடிவத்தில் மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு விடுங்கள். நேராகத் திரும்பிக் கைக்கே வந்தால் சரி, காதுப் பக்கம் வந்தால் பெருவிரல். ஐம்பது தடவை, பத்து நிமிடம், கம்பமும் வேண்டாம், வளையமும் வேண்டாம். பந்தைத் தரையில் தட்டாதீர்கள், மூன்றாம் மாடிக்காரர் மேலே வந்துவிடுவார்! மொட்டைமாடிக்கும் போக வேண்டாம், அங்கே கடல் காற்று பந்தைத் தள்ளும், பந்து போனால் காலி வீதியில்தான் தேட வேண்டும்.

தம்பியோ தங்கையோ இருந்தால் தும்புத்தடியைக் கொடுத்து எதிரே நிறுத்துங்கள். டிஃபென்டர் (எதிரணியில் உங்களை மறிக்கிறவர்) உங்கள் ஊன்றிய காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்கலாம், ஆனால் உயரமானவர் அங்கிருந்தே கையை நீட்டிப் பந்துக்கு மேலே மறைத்துவிடுவார். முதலில் ஊன்றிய காலை வைத்துக்கொண்டு மற்றக் காலைப் பின்னால் எடுத்து, உடம்பையும் பின்னால் கொண்டுபோங்கள். தூரம் முதல் காலிலிருந்துதான் அளக்கப்படும், ஆகவே அவருடைய விரலுக்கும் உங்கள் பந்துக்கும் இடையில் இன்னும் ஒரு சாண் கிடைக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு இது பெரிய சொத்து.

தும்புத்தடியைப் பார்க்காமல் இருக்கப் பழகுவதுதான் இதில் கஷ்டமான பாகம். நான் ஆடிய காலத்தில் டிஃபென்டரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன், கடைசி நொடியில்தான் வளையத்தைத் தேடுவேன். ஜோன் விக்கர்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் 1996இல் கூடைப்பந்தாட்ட வீராங்கனைகளின் ஃப்ரீ த்ரோவை (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடுகிற பந்தை) ஆராய்ந்தார். நன்றாகப் போடுகிறவர்கள் முன்னதாகவே கண்ணை வளையத்தில் நிறுத்தி, மற்றவர்களைவிடக் கூடிய நேரம் அதை அசைக்காமல் வைத்திருந்தார்கள். நமக்கு விதி தருவது 3 விநாடி. பயத்தில் பிள்ளைகள் ஒரு விநாடியிலேயே விட்டுவிடுகிறார்கள். கால் ஊன்றியதும் மனதுக்குள் 'வளையம்' என்று சொல்லிக் கண்ணை நிறுத்துங்கள், 'முழங்கால்' என்று மடியுங்கள், 'விடு' என்று விடுங்கள். தமிழில் இந்த மூன்று சொல்லும் இரண்டு விநாடிக்குள் அடங்கும். பிரக்டிஸில் ஒவ்வொரு பந்துக்கும் சொன்னால் மெட்ச்சில் தானாக வரும். பிரக்டிஸில் சொல்லாதது மெட்ச்சில் வராது.

இனி உயரமான அக்கா. நம் ஊரில் யாருக்கும் வலைப்பந்தாட்டம் என்றால் தர்ஜினி சிவலிங்கம்தான் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம். 2009இல் ஆசிய சம்பியனான அணியிலும், 2018 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69–50 என்று வென்ற அணியிலும் இருந்தார். அவரைப் பார்த்து, உயரம் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் ஏராளம். உயரம் பந்தைப் பிடிக்க உதவும். பிடித்த பிறகு 380 மில்லிமீற்றருக்குள் போடுவது வேறு வேலை, அதற்கு அவரும் பழகித்தான் ஆக வேண்டியிருந்தது. அக்காவோடு போட்டி போடுவதை விடுங்கள். அவ வளையத்தடியில் நிற்கட்டும், நீங்கள் கோல் அட்டாக்காக, அதாவது வட்டத்துக்கு வெளியேயும் ஓடி ஆடிக் கோலும் போடுகிற ஆளாக, ஆடிப் பார்க்கிறேன் என்று உங்கள் பயிற்றுவிப்பாளரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். கோல் போட விதி அனுமதிப்பது அந்த இரண்டு பேரை மட்டும்தான். இரண்டரை, மூன்று மீற்றரிலிருந்து நம்பிப் போடக்கூடிய கோல் அட்டாக் இருந்தால், எதிரணி இரண்டு பேரையும் அக்கா மேல் சாத்த முடியாது. உயரம் குறைந்து, ஓட்டம் கூடியவர்களுக்கு அது நல்ல இடம். கதை பரவுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்.

அந்த 12இல் 6ஐப் பற்றியும் ஒன்று. ஒரு மெட்ச்சின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். உண்மையிலேயே 75 வீதம் போடக்கூடிய ஒருவருக்கும், 12 பந்து போடுகிற மெட்ச்சில் ஆறில் ஒரு தடவை 7 அல்லது அதற்குக் குறைவாகத்தான் வரும். உங்களுக்கு நாலு மெட்ச்சும் அப்படி வந்ததால்தான் இவ்வளவு எழுதினேன்.

தோளிலோ முழங்கையிலோ குத்தல் வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டு நாளில் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள், எண்ணெய் தடவிக்கொண்டு போட வேண்டாம். அம்மாவிடம் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். கிழமைக்கு நாலு நாள், 40 நிமிடம் என்று எழுத்தில் பார்த்தால் அவவும் பேரம் பேசச் சம்மதிப்பா.

ஆறு கிழமை கழித்து எனக்கு எழுதுங்கள். முதல் பந்து 30இல் எத்தனை, விழாதது எந்தப் பக்கம், கம்பத்தின் உயரம் எவ்வளவு. இந்த மூன்றும் போதும்.